கீபோர்டு அலமாரிக்குள்ளதான் இருந்துச்சு

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் பேய் பிசாசை நம்புற ஆளு கெடையாது. எங்க அம்மா வீடு திண்டுக்கல் பக்கம், அங்க ஒரு கெணத்துல ராத்திரியானா யாரோ குளிக்கிற சத்தம் கேக்கும்னு ஊரே சொல்லும், நான் அந்தக் கெணத்துலதான் நீச்சலே கத்துக்கிட்டேன், ஒண்ணும் காலைப் புடிச்சு இழுக்கல. கல்யாணமாகி பூம்பாறைக்கு வந்த புதுசுல, மேகம் எறங்குற நேரத்துல சோலைக்காட்டுப் பக்கம் தனியா போகாதன்னு எங்க அத்தை சொல்லுவாங்க, ஆனா எனக்கு சிக்னல் கெடைக்கிற எடமே அந்தக் காட்டோரம்தான், லேப்டாப்பைத் தூக்கிட்டு அங்கதான் போய் உக்காருவேன். இத்தனை வருசத்துல அங்க நான் பாத்தது ஒரு காட்டுமாடு, அதுவும் என்னையப் பாத்துட்டு அது பாட்டுக்கு நடையைக் கட்டிருச்சு. அப்பேர்ப்பட்ட ஆளு நான். இதை எதுக்குச் சொல்றேன்னா, இனிமே சொல்லப் போறதைக் கேட்டுட்டு இவளுக்கு எப்பவுமே இந்தக் கிறுக்கு உண்டுன்னு நீங்க நெனைக்கக் கூடாது.

நான் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்கு வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் சோலி பாக்குறேன். எங்க வீட்டுக்காரரு பூண்டு போடுறாரு, சீசன் இல்லாதப்ப பிக்கப் வண்டி ஓட்டுறாரு. அவருகிட்ட என் வேலையைப் பத்திக் கேட்டா, "அது கறுப்பு ஸ்க்ரீனைப் பாத்து மொறைச்சுக்கிட்டு இருக்கும், சம்பளம் வரும்"னு சொல்லுவாரு. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும், அதுல பெரிய தப்பும் இல்ல.

பூம்பாறையில இருந்து கொடைக்கானல் போற வழியில, ரோட்டுக்குக் கீழ சரிவுல ஒரு கண்ணாடி வீடு இருக்கு. கண்ணாடி வீடுன்னா ஆளு குடியிருக்கிறது இல்ல, பூச்செடி நாத்து வளக்குற எடம். ரோஸ்லின் அக்காவோடது. அக்கா டவுன்ல ஸ்கூல்ல டீச்சரா இருந்துட்டு, ரிட்டயர்மெண்ட்டுக்கு முன்னாடியே விட்டுட்டு இதுல எறங்குனவுங்க. கையில இருந்தது மொத்தத்தையும் அந்தக் கண்ணாடிக்குள்ளதான் போட்டிருக்காங்க. மார்கழி தையில இங்க உறைபனி விழும், விடியக்காலம் புல்லெல்லாம் உப்பைத் தூவுன மாதிரி வெள்ளையாக் கெடக்கும், அந்தக் குளிரு உள்ள போச்சுன்னா ஒரே ராத்திரியில தாய்ச்செடி பூராம் கருகிரும். அதுக்காக ஹீட்டர் வச்சிருக்காங்க. அந்த ஹீட்டரை நடத்துறதுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கத்துல ஒரு ஷெட்டுக்குள்ள.

அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற புரோகிராம் ஒரு விசித்திரமான புரோகிராம். படம் கெடையாது, பட்டன் கெடையாது, கறுப்பு ஸ்க்ரீன்ல ஒவ்வொரு கேள்வியாக் கேக்கும். இந்த மணி நேரத்துக்கு வெப்பக் கணக்கு எடுக்கவா, எந்த அறை, ஹீட்டரைப் போடவா வேணாமா. நாம பதிலை அடிச்சாத்தான் அடுத்த கேள்விக்கு நகரும், அடிக்கலையா, அப்படியே நின்னுக்கிட்டு இருக்கும். பனிக்காலத்துல மணிக்கொரு தடவை கேக்கும். இத்தனை நாளும் பதில் சொன்னது முத்தையா அண்ணன்தான்.

முத்தையா அண்ணனைச் சொல்லணும். அவுங்க அப்பா அம்மா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்துட்டுத் திரும்பி வந்தவுங்க. இவரு இங்கதான் பொறந்தாரு, ஆனா பேச்சுல இன்னும் அந்தச் சாயல் இருக்கும், "சரியான குளிரு"ம்பாரு, "மகளோட போன்ல கதைச்சேன்"பாரு. பனிக்காலம் முழுக்க அந்த ஷெட்லயேதான் படுத்துக்குவாரு. ஒத்த விரல்லதான் டைப் அடிப்பாரு. ஆமான்னு சொல்றதுக்கு ஒய்னு ஒரு எழுத்து போதும்னா கேக்க மாட்டாரு, ‘யெஸ்’னு முழுசா தேடித் தேடி அடிச்சு, அப்பறம் யோசிச்சு பின்னாடி இருக்கிற ரெண்டு எழுத்தையும் அழிச்சுட்டு என்டரைத் தட்டுவாரு. ஏண்ணே இப்படின்னு கேட்டா, "மொட்டையா ஒரு எழுத்துல பதில் சொன்னா மரியாதையா இருக்குமா தங்கச்சி, மனசுக்குள்ளயாவது முழுசா சொல்லணும்"பாரு. மெஷினுக்கு மரியாதை குடுத்த ஒரே மனுசனை நான் அங்கதான் பாத்தேன்.

போன பனிக்காலத்துல அவரு மகளுக்குத் தலைப்பிரசவம், திருப்பூர்ல. அண்ணன் போகணும். போகவும் மனசில்ல, இருக்கவும் மனசில்ல. ரோஸ்லின் அக்கா எனக்கு போன் போட்டாங்க. "வசந்தி, ஒரு ஹெல்ப். அந்த மெஷின் கேக்குற கொஸ்டினுக்கெல்லாம் ஆட்டோமேட்டிக்கா ஆன்சர் போற மாதிரியும், அது என்னென்ன சொல்லுச்சுங்கறது என் மொபைலுக்கு வர்ற மாதிரியும் செஞ்சு குடுக்க முடியுமா?" ஒரு மெஷின் பேசுறதை இன்னொண்ணு கேட்டு எழுதி வைக்கிற மாதிரி செய்யிறதுதான் என் பொழப்பே, நான் அரை நாள் வேலைதான்க்கான்னு சொல்லிட்டேன்.

அது அரை நாள்ல முடியல. சாதாரணமா ஒரு புரோகிராம் ஸ்க்ரீன்ல எழுதுறதை அப்படியே ஒரு ஃபைலுக்குத் திருப்பி விட்டுரலாம், சுலபம். இதைத் திருப்பி விட்டேன், ஃபைல் காலியா வந்துச்சு. மறுபடி விட்டேன், மறுபடி காலி. இந்த மாதிரி கேள்வி கேக்குற புரோகிராம் சிலது, எதிர்ல நெஜமாவே ஸ்க்ரீன் இருக்கா, ஆளு உக்காந்திருக்கான்னு பாக்கும், இல்லேன்னு தெரிஞ்சா வாயே தொறக்காது. அதுக்கு ஒரு வழி உண்டு. பொய்யா ஒரு ஸ்க்ரீனை உண்டாக்கி, அதுக்கு முன்னாடி ஆள் இருக்கிற மாதிரி அதை நம்ப வைக்கணும், அப்பறம் அந்தப் பொய் ஸ்க்ரீன்ல வர்றது போறது எல்லாத்தையும் பதிஞ்சுக்கணும். எந்த எழுத்து எந்த நேரத்துல விழுந்துச்சுங்கறது முதக்கொண்டு பதியும், அழிச்ச எழுத்து கூடப் பதியும், பின்னாடி அதை சினிமா மாதிரி ஓட்டிப் பாக்கலாம். அதுக்கு மேல ஒரு சின்ன ஸ்கிரிப்ட், இந்தக் கேள்வி வந்தா இந்தப் பதில்னு.

ரோஸ்லின் அக்காகிட்ட இதை விளக்குனேன். "சோ, டம்மி முத்தையா ஒண்ணு செய்யிற"ன்னாங்க. மூணு பேரும் சிரிச்சோம். அண்ணன் மட்டும், "அது பதில் சொன்னா மெஷினு ஒத்துக்கிருமா"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு.

மறுநாள் வெள்ளனே அவரு பஸ் ஏறிட்டாரு. நான் மத்தியானம் போய் கடைசியா எல்லாத்தையும் ஒரு தடவை சரி பாத்தேன். நல்ல மேகம், ஷெட் வாசல்ல நின்னா கண்ணாடி வீடு தெரியல, மத்தியானமே லைட்டைப் போட்டுக்கிட்டோம். இனிமே யாரும் கை வைக்க வேண்டியதில்லைன்னு கீபோர்டைக் கழட்டி அக்காகிட்ட குடுத்துட்டேன், அக்கா அதைத் துணியில சுத்தி வீட்டு அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. அந்த மெஷினை முழுசா நம்ம கைக்கு எடுத்து ஓட்டணும்னா ஒரு பாஸ்வேர்டு கேக்கும், அதை முத்தையா அண்ணன் மறக்காம இருக்கிறதுக்காக ஸ்க்ரீனுக்கு மேல செவத்துல சாக்பீஸால பெருசா எழுதி, சுத்தி பூ வேற வரைஞ்சிருந்தாரு. எனக்கு அதைப் பாத்ததும் சிரிப்பு தாங்கல. அழிச்சுட்டு, என் லேப்டாப்பை மாட்டி பாஸ்வேர்டையும் மாத்தி வச்சேன். புதுசை யாருகிட்டயும் சொல்லல, எழுதியும் வைக்கல, ஸ்கிரிப்டுலயும் போடல, நாளைக்கு அக்காகிட்ட சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ஷெட்டைப் பூட்டி சாவியை அக்கா கொண்டு போயிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலமே டவர் போயிருச்சு. எங்க பக்கம் இது சகஜம், யாரும் பதறுறதில்ல. நான் சாப்புட்டேன், போர்வையை இழுத்துப் போத்துனேன், நல்லாத் தூங்கிட்டேன். அவ்வளவுதான், எனக்கு அந்த ராத்திரியில வேற ஒண்ணும் இல்ல.

காலையில எந்திரிச்சுக் கதவைத் தொறந்தா ஊரே வெள்ளை. அப்படி ஒரு பனி நான் வந்ததுல இருந்து பாக்கல. பக்கத்துத் தோட்டத்துல உருளைக்கெழங்குச் செடியெல்லாம் வெந்நி ஊத்துன மாதிரி தொவண்டு கெடக்கு. ஓடிப் போய் மொபைலை எடுத்துப் பாத்தேன், டவர் இன்னும் வரல. டவர் வந்ததும் மொத போனே ரோஸ்லின் அக்காதான். எடுக்கவே பயமா இருந்துச்சு.

"வசந்தி, யூ ஆர் எ ஜீனியஸ்"ன்னாங்க.

செடியெல்லாம் நல்லா இருக்காம், உள்ள போனா வெதுவெதுன்னு இருக்காம், ஹீட்டர் இன்னும் ஓடிக்கிட்டு இருக்காம். நான் பெரிய இவளாட்டம், "பரவாயில்லக்கா, சின்ன ஸ்கிரிப்ட்தான"ன்னு சொல்லிட்டு, எங்க வீட்டுக்காரரை பிக்கப்பை எடுக்கச் சொல்லி ஏறி உக்காந்து போனேன். என்னைய எறக்கி விட்டுட்டு அவரு லோடு எடுக்கப் போயிட்டாரு. அக்கா கேக் வெட்டி டீ போட்டு வச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் ஷெட்டைத் தொறந்து, நான் என் லேப்டாப்பை மாட்டி, ராத்திரி பதிஞ்சதை எடுத்துப் பாத்தேன். சும்மா பெருமைக்குத்தான், அக்காகிட்ட காட்டலாம்னு.

முன்ராத்திரி எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. கேள்வி வருது, சட்டுன்னு ஸ்கிரிப்ட் பதில் சொல்லுது. அப்பறம் ஒரு எடத்துல, நான் அதுவரைக்கும் பாக்காத ஒரு கேள்வி. உள்ள இருக்கிற வெப்பமானி பதில் சொல்ல மாட்டேங்குது, கடைசியா இருந்த அளவையே வச்சுக்கவா, ஆமாவா இல்லையா. குளிருல அந்த வெப்பமானி செத்துருச்சு. கடைசியா இருந்த அளவு பனி முத்துறதுக்கு முன்னாடி எடுத்தது, அதை வச்சிருந்தா மெஷின் கதகதப்பா இருக்குன்னு நெனைச்சு ஹீட்டரை நிப்பாட்டியிருக்கும், எல்லாம் போயிருக்கும். என் ஸ்கிரிப்டுக்கு இந்தக் கேள்வியே தெரியாது, அதனால அது வாயைத் தொறக்காம நின்னுருச்சு.

ஆனா பதில் இருந்துச்சு.

நான் அதை சினிமா மாதிரி ஓட்ட விட்டேன். கேள்வி வந்து நிக்குது. ஸ்க்ரீன்ல ஒண்ணும் அசையல, ரொம்ப நேரம். அப்பறம் இங்கிலீஸ்ல ‘என்’னு ஒரு எழுத்து. கொஞ்சம் தாமதம். ‘ஓ’. ஒரு யோசனை. அப்பறம் அந்த ஓ மட்டும் அழியுது. என்டர்.

எனக்கு மொதல்ல புரியல. அக்காதான் டீ டம்ளரைக் கீழ வச்சாங்க. "இது முத்தையா டைப் பண்றது"ன்னாங்க.

அடுத்து, முழுசா கைக்கு எடுத்துக்கிறதுக்குப் பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டு அடிச்சா ஸ்க்ரீன்ல தெரியாது, ஆனா எவ்வளவு நேரம் எடுத்துச்சுங்கறது தெரியும். நீளமா ஒரு எடைவெளி, தப்புன்னு வந்துச்சு. மறுபடி கேக்குது. இந்தத் தடவை எடைவெளியே இல்லேன்னு சொல்லலாம், படக்குன்னு அடிச்ச மாதிரி, சரின்னு ஏத்துக்கிருச்சு. ஹீட்டரைப் போடவான்னு கேக்குது. ‘ஒய்’, ‘இ’, ‘எஸ்’, தேடித் தேடி, அப்பறம் ரெண்டு எழுத்து அழியுது. என்டர். ஹீட்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு. விடியிற வரைக்கும் நிக்கல.

அக்கா சிலுவை போட்டுக்கிட்டாங்க, போட்டுட்டுச் சிரிச்சாங்க, சிரிச்சுட்டு மறுபடி போட்டுக்கிட்டாங்க. நான் சிரிக்கல. நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, நான் அன்னிக்கு செஞ்சதெல்லாம் நம்பாத ஆளு செய்யிறதுதான். வெளிய இருந்து யாராவது நெட்டு வழியா நுழைஞ்சாங்களான்னு பாத்தேன், தடமே இல்ல, டவரும் இல்லையே. ஷெட்டுப் பூட்டைப் பாத்தேன், அக்கா என் கண்ணு முன்னாடிதான் தொறந்தாங்க. அலமாரியத் தொறக்கச் சொன்னேன், கீபோர்டு துணிக்குள்ள சுத்துனபடியே கெடக்கு, பக்கத்துல வச்சிருந்த கேக்கோட வாசனை அடிக்குது. ஸ்கிரிப்டை ஒவ்வொரு வரியாப் படிச்சேன், அதுல எழுத்தை அழிக்கிற சோலியே கெடையாது. எல்லாத்துக்கும் மேல அந்தப் பாஸ்வேர்டு என் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு.

அந்த நேரத்துல அக்கா போன் அடிக்குது, முத்தையா அண்ணன். ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"அம்மா, பேத்தி பொறந்திருச்சு"ன்னாரு. அக்கா அழுதே புட்டாங்க. நானும் கத்தி வாழ்த்துச் சொன்னேன். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களாம், புள்ளைக்கு நல்லா முடி இருக்காம். ஒரு நிமிசம் நாங்க மெஷினை மறந்தே போயிட்டோம். அப்பறம் அவராத்தான் சொன்னாரு, நாங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கல, அதை நல்லா கவனிச்சுக்கங்க.

"ஆஸ்பத்திரி பெஞ்சுல படுத்துக் கெடந்தேன்மா. சரியான கனவு. அந்த மெஷினு தூங்க விடல, என்னமோ புதுக் கேள்வியாக் கேட்டுக்கிட்டு நிக்குது, யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. பாவமா இருந்துச்சு. நான் போய் உக்காந்து நோ போட்டேன்."

அக்கா என்னையப் பாக்குறாங்க. நான் மெதுவாக் கேட்டேன், "அப்பறம் என்னண்ணே நடந்துச்சு?"

"தங்கச்சி, நீயும் இருக்கியா. அப்பறம் பாஸ்வேர்டு கேட்டுச்சு. நான் செவத்துல எழுதுனதை அடிச்சேன், எடுக்கல. திரும்பப் பாக்கறேன், செவத்துல ஒண்ணையும் காணோம், துடைச்சுப் போட்டிருக்கு. என்னடா செய்யிறதுன்னு முழிச்சா, பக்கத்துல நீ நிக்கிற. ‘தள்ளுங்கண்ணே’ன்னு சொல்லிட்டு வெரசா அடிச்சுவுட்டே. மிச்சத்தை நான் போட்டேன்."

"நானாண்ணே?"

"நீதான்மா. நைட்டியோட நிக்கிற, கால்ல செருப்பு கூட இல்ல. குளிருமேன்னு நெனைச்சேன்." சொல்லிட்டு அவரு சிரிக்கிறாரு, கனவுதானேன்னு. நாங்க அவருகிட்ட ஒண்ணும் சொல்லல. பேத்தியப் பாக்கப் போன மனுசனை எதுக்குப் பயமுறுத்தணும். ரெண்டு வாரம் கழிச்சு அவரு வந்தப்பறம் அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. அவரு ஸ்க்ரீனைத் துண்டால துடைச்சு விட்டுட்டு, "அப்ப அதுக்கு என்னையத்தான் புடிச்சிருக்கு"ன்னாரு, ஒரே சந்தோசம். இப்பவும் யாரு வந்தாலும் இதைச் சொல்லித்தான் டீ குடுப்பாரு. நாங்க வெப்பமானியை மாத்திட்டோம், செடியெல்லாம் பூத்து, ரோஸ்லின் அக்கா எங்க வீட்டுக்கு ஒரு கை நெறைய அனுப்பி விட்டாங்க.

அண்ணன் கதை எனக்கு ஒரு மாதிரி செரிச்சிருச்சு. அத்தனை வருசம் ராத்திரி ராத்திரி அதுக்குப் பதில் சொன்னவரு, மனசெல்லாம் அங்கதான் கெடந்திருக்கும், கனவு கண்டாரு, எப்படியோ போய்ச் சேந்துச்சுன்னு வச்சுக்கலாம். என் கதைதான் செரிக்கல. நான் ஒரு கனவும் காணலையே.

அண்ணன் போன் போட்ட அன்னிக்கு சாயங்காலமே எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டேன், நேத்து ராத்திரி நான் எந்திரிச்சு எங்கயும் போனேனான்னு. அவரு சாப்புட்டுக்கிட்டே, "நீ எங்க எந்திரிச்ச, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குன. கைதான் சும்மா இல்ல"ன்னாரு.

"கை என்ன செஞ்சுச்சு?"

"போர்வை மேல படபடன்னு தட்டுன. புள்ள என்னமோ கணக்குப் போடுதுன்னு விட்டுட்டேன்." எப்படின்னு காட்டச் சொன்னேன். அவரு எச்சிக் கையைக் கழுவிட்டு வந்து பாய் மேல காட்டுனாரு. ரெண்டு கை விரலும் வேகமா ஓடுது, கடைசியில வலது கை சுண்டு விரலை மட்டும் எட்டப் போட்டு ஒரு தட்டு. அந்த மனுசன் வாழ்க்கையில கீபோர்டைத் தொட்டதில்ல. என்டர் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிய நியாயமில்ல. நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவான்னு கேட்டேன்.

இப்பவும் சில நாள் விடியக்காலம் முழிப்பு வந்தா, கையெல்லாம் போர்வைக்குள்ள இருக்கு, அந்த ஒரு சுண்டு விரல் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு, சில்லுன்னு குளுந்து போய்க் கெடக்கு. எங்க போய், யாரு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டு வந்துச்சோ, எனக்குத் தெரியல.